என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸியில் 404 மட்டும் கேச் ஆகலை

கேள்வி: என்ஜின்எக்ஸை (வெப் சர்வர் மென்பொருள்) பின் சர்வருக்கு முன்னால ப்ராக்ஸியா வெச்சு, பதில்களை 10 நிமிஷம் கேச் பண்ண (சேமிச்சு வைக்க) 'ப்ராக்ஸி_கேச்_வேலிட் 10எம்' போட்டிருக்கேன். 301, 302 (வேற முகவரிக்குத் திருப்பிவிடுற பதில்கள்) கேச் ஆகுது. 404 (பக்கம் இல்லைங்கிற பதில்) மட்டும் ஒவ்வொரு தடவையும் பின்னால இருக்கிற சர்வருக்கே போகுது. ஏன்?

பதில் 1: பதில் எண் குறிப்பிடாம நேரம் மட்டும் கொடுத்தா 200 (சரியா வந்த பதில்), 301, 302 மூணுக்குத்தான் அது செல்லும். 'ப்ராக்ஸி_கேச்_வேலிட் 404 1எம்'னு தனி வரி சேருங்க. நேரத்தைக் கூட்டாதீங்க, புதுசா ஏத்தின பக்கமும் அதுவரைக்கும் 404தான் காட்டும்.

பதில் 2: அப்பவும் ஆகலைன்னா, பின் சர்வர் அனுப்புற ஹெடரை (பதிலோட சேர்ந்து வர்ற குறிப்புகளை) பாருங்க. கேச்-கன்ட்ரோல்ல நோ-ஸ்டோர் (சேமிக்காதே) இருந்தாலோ, செட்-குக்கி வந்தாலோ என்ஜின்எக்ஸ் சேமிக்காது. சோதிக்க எக்ஸ்-கேச் ஹெடர் (பதில் கேச்ல இருந்து வந்ததான்னு காட்டுறது) சேர்க்கிறப்போ கடைசியில 'ஆல்வேஸ்' போடுங்க, இல்லேன்னா 404 பதில்ல அந்த ஹெடரே வராது.

பதில் 3: லாகினுக்குத் திருப்பிவிடுற 302-ஐ தயவுசெய்து கேச் பண்ணாதீங்க. லாகின் ஆனவரையும் திரும்ப அங்கேயே தள்ளிடும். 502-க்கு (பின் சர்வர்கிட்ட இருந்து சரியான பதில் வராதப்போ) 'ப்ராக்ஸி_கேச்_யூஸ்_ஸ்டேல் எரர் எச்டிடிபி_502' போதும். கேச்ல இருக்கிற பழைய நல்ல பக்கம் போகும்.