எமிஸ் சுற்றும் நேரத்தில் ஒரு வேண்டுதல்

ஈராசிரியர் பள்ளி, விழுப்புரம் மாவட்டம்

வேலைவாய்ப்பகப் பதிவு மூப்பில் 2006இல் பணியில் சேர்ந்தவள் நான். காலை ஐந்து மணிக்கு எழுந்து முழந்தாள் போட்டு அரை மணி நேரம் ஜெபிப்பது அம்மா பழக்கிய வழக்கம். அது போய்விட்டது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டுமாம். இப்போது அந்த ஐந்து மணிக்குக் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும் படிக்கிறேன். நவம்பரில் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வேலை வேறு. வாக்காளர் படிவங்களைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்ததில் ஞாயிற்றுக்கிழமையும் கோயிலுக்குப் போகவில்லை.

அப்புறம் ஜெபம் எங்கே என்றால், பிள்ளைகளின் வருகையும் விவரமும் பதிகிற அரசின் எமிஸ் செயலியில்தான். சிரிக்காதீர்கள். வருகைப் பதிவு போட்டுவிட்டுச் சிக்னலுக்காகப் போனை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனால் அந்த வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில், வராத பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டிக்கொள்வேன். ஒருநாள் நாலாம் வகுப்புப் பெண் பக்கத்தில் வந்து நின்று, "டீச்சர், போனப் பாத்து யாருகூடப் பேசுறீங்க?" என்றாள். "நெட்டு வரட்டும்னு வேண்டிக்கிறேன்டா" என்று சமாளித்தேன். உடனே அவளும் கண்ணை மூடிக் கை கூப்பிவிட்டாள். எனக்குத் திக்கென்றது. இது அரசுப் பள்ளி. என் ஜெபத்தைப் பிள்ளைகள் மேல் ஏற்றக் கூடாது. அன்றிலிருந்து உதடு அசைவதில்லை.

பொங்கலுக்குப் பிறகு மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வரவே இல்லை. தினமும் அவன் பெயரில் வந்துதான் என் விரல் நிற்கிறது. சாயங்காலம் ஒரு நடை அவன் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இத்தனை வேலைக்கு நடுவில் வேண்டுதலுக்கு உங்களுக்கெல்லாம் எப்படி நேரம் கிடைக்கிறது, டீச்சர்களே?

நடுநிலைப் பள்ளி, திருப்பத்தூர் மாவட்டம்

எனக்கு லுஹர் என்கிற நண்பகல் தொழுகையும் சத்துணவும் ஒரே நேரத்தில் வரும். முட்டை எண்ணிக்கை, தட்டு வரிசை எல்லாம் என் பொறுப்பு. ஆரம்பத்தில் பள்ளியில் தொழ முடியாமல், வீட்டுக்குப் போய்க் களா செய்வேன், அதாவது தவறியதைப் பிறகு தொழுவேன். ஒருநாள் கணக்கு சார் தானாகவே வந்து, "பத்து நிமிஷம்தானே பாய், நான் பாத்துக்குறேன்" என்றார். விலையில்லாப் புத்தகப்பை மூட்டைகள் அடுக்கிய அறையில், மேற்குச் சன்னல் பக்கம் ஓர் ஆள் நிற்க இடம் இருக்கிறது. அது போதும். டெட் அறிவிப்பு வந்த வாரம் அவரே, "எனக்கும் சேத்துக் கேளுங்க பாய்" என்றார். அவருக்கு 51 வயது. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மெட்ரிக் பள்ளியில் ஒன்பது ஆண்டு, இப்போது வீட்டில்

நான் கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்லப் போகிறேன். தொண்டை கட்டிக் குரலே வராத வாரத்தில், ஒரு பீரியடாவது விடுங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்டேன். "ஜெபம் பண்ணிட்டு வகுப்புக்குப் போங்க, எல்லாம் சரியாகிடும்" என்று பதில் வந்தது. ஜெபிக்க எனக்குத் தெரியும். நான் கேட்டது ஓய்வு. இரண்டும் ஒன்றில்லை.

அரசுப் பள்ளிக்காரர்களுக்கும் ஒரு கேள்வி. கல்வி உரிமைச் சட்டம் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் இவற்றுக்கு மட்டும்தான் ஆசிரியரை வெளியே அனுப்பலாம் என்கிறது. வட்டாரத் தலைமையிடத்திலிருந்து பிள்ளைகளுக்கான காலணி மூட்டை ஏற்றிவருவது எந்தப் பிரிவு? அதை நாம் அதிகாரியிடம் கேட்பதில்லை. கடவுளிடம் மட்டும் பொறுமை கேட்கிறோம்.

விழுப்புரத்திலிருந்து மறுபடியும்

மெட்ரிக் டீச்சர் சொன்னது குத்தியது, ஆனால் சரிதான். பொறுமை கேட்பதை நானும் குறைத்துக்கொண்டேன். பதிவேற்ற வேலைக்குத் தனி ஆள் வேண்டும் என்ற சங்கத்து மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்; முன்பெல்லாம் நமக்கெதுக்கு என்று நழுவிவிடுவேன்.

அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். பூட்டிக் கிடக்கிறது. கரும்பு வெட்டக் குடும்பத்தோடு போய்விட்டார்களாம்; எந்த ஊர் என்று பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் தெரியவில்லை. அவன் பெயரை எமிஸில் காமன் பூலுக்கு, அதாவது பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்கு, மாற்றிவிடுங்கள் என்று ஹெச்.எம். சார் இரண்டு தடவை சொல்லிவிட்டார். மாற்றிவிட்டால் காலையில் என் பட்டியலில் அவன் வரமாட்டான். திங்கட்கிழமை வரை பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.