டயாலிசிஸ் திரவத்தில் பொட்டாசியத்தை ஏன் சேர்க்கிறார்கள்?

கேள்வி:
என் தந்தைக்கு வாரம் மூன்று முறை ஹீமோடயாலிசிஸ் நடைபெறுகிறது. உணவில் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லும் மருத்துவரே, இப்போது டயாலிசிஸ் திரவத்தில் அதன் அளவை 2 இலிருந்து 3 ஆக உயர்த்தியிருக்கிறார். வெளியேற்ற வேண்டிய பொருளையே ஏன் சேர்க்கிறார்கள்? அது அவருடைய இரத்தத்தில் ஏறிவிடாதா?

பதில் 1:
ஏறாது, ஐயா. டயாலைசர் என்னும் வடிகட்டிக்குள் மெல்லிய சவ்வாலான இழைக்குழல்களின் உள்ளே இரத்தமும், வெளியே எதிர்த்திசையில் திரவமும் ஓடுகின்றன; செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கே பொருள்கள் சவ்வைக் கடக்கும். சிகிச்சைக்கு முன் உங்கள் தந்தையின் பொட்டாசியம் லிட்டருக்கு 5.5 மில்லிமோல் என்று வைத்துக்கொண்டால், திரவத்தில் 3 இருந்தாலும் அது இரத்தத்தை விட்டு வெளியேறவே செய்யும். கழிவுப்பொருளான யூரியா திரவத்தில் அறவே இல்லாததால் விரைவாக நீங்குகிறது. பொட்டாசியத்தை அப்படி நீக்கக் கூடாது. நான்கு மணி நேரத்துக்குள் அது வெகுவாகச் சரிந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையக்கூடும் என்பதாலேயே, குறிப்பாக டிகாக்ஸின் என்னும் இதய மருந்தை உட்கொள்பவர்களுக்கு, மருத்துவர்கள் மிகக் குறைந்த அளவைத் தவிர்க்கிறார்கள். பைகார்பனேட்டின் போக்கு இதற்கு நேர்மாறானது: இரத்தத்தின் அமிலத்தன்மையைத் தணிக்க அது திரவத்திலிருந்து இரத்தத்துக்குள் செல்கிறது.

பதில் 2:
நான் டயாலிசிஸ் தொழில்நுட்பராகப் பணிபுரிகிறேன். டயாலிசிஸ் திரவம் தயாரிக்க அமிலக் கரைசல், பைகார்பனேட் கரைசல் என இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருப்போம். முன்கூட்டியே கலந்து வைத்தால் கால்சியமும் மெக்னீசியமும் கார்பனேட்டாகப் படிந்துவிடும். இயந்திரம்தான் அவற்றைச் சுத்திகரித்த நீருடன் உரிய விகிதத்தில் கலக்கிறது. நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் திரவம் நோயாளியின் இரத்தத்தை ஒட்டி ஓடுகிறது என்பதால், குடிக்கத் தகுந்த நீர் இதற்குப் போதாது. குழாய் நீரிலுள்ள குளோரமைன் சவ்வைக் கடந்தால் சிவப்பணுக்கள் சிதைந்துவிடும். கார்பன் வடிகட்டியைத் தாண்டி வரும் நீரை ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் நாங்கள் சோதிப்பது அதனால்தான். இதில் சிறிதும் அலட்சியம் கூடாது.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் உணவுக் கட்டுப்பாட்டைச் சற்றுத் தளர்த்தலாமா?

பதில் 1:
நீங்களாகத் தளர்த்த வேண்டாம். திரவத்தின் அளவு 3 ஆகும்போது முன்பைவிடக் குறைவான பொட்டாசியமே நீங்கும். இரண்டு நாள் இடைவெளிக்குப் பின் வரும் சிகிச்சைக்கு முன்னர் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில்தான் உண்மை நிலை தெரியும்; அந்த முடிவை மருத்துவரிடம் காட்டிய பின்னர் உணவைப் பற்றிக் கேளுங்கள்.