ரசீதும் எழுதணும், கைக்காவலுக்கும் வேணும்: எந்தப் பேனா?

சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி பக்கம் குழுக்கடன் வசூலுக்குப் போறேன். ராத்திரி 8 மணிக்கு பஸ் ஸ்டாப்புல தனியா நிக்கணும். அவசரத்துக்கு இறுக்கிப் பிடிச்சுக் குத்துற மாதிரி பேனா வேணும். ரசீதுல கார்பன் காப்பியும் அழுத்தமா விழணும், அதனால பால்பாயிண்ட்தான்.

6 மாசத்துல 3 பேனா போச்சு. பிளாஸ்டிக் உடைஞ்சுது. ஆன்லைன்ல 350 ரூபாய்க்கு வாங்குன அலுமினியத்துல மரை தேஞ்சு மூடி கழண்டுட்டு, ரீஃபிலும் கிடைக்கல. ஸ்டீல் பேனா செம கனம், பத்து ரசீதுலயே விரல் வலிக்கு. "ஏட்டி, இது பேனாவா கடப்பாரையா?"ன்னு ஆச்சி கேக்கா.

சில தற்காப்புப் பேனாவுல பின்பக்கம் வர்ற கண்ணாடி உடைக்கிற கூர்முனை வேண்டாம், பையைக் கிழிச்சிருது. பாளையங்கோட்டைக் கடையில கிடைக்கிற பார்க்கர் ரீஃபில் பொருந்தணும். 40 கிராம், 1000 ரூபாய்க்குள்ள.

ஒரு வருஷமாவது நீங்களே தினமும் எழுதிப் பாத்ததுல, இதுக்கு ஒத்துவர்ற மாடல் எது?