ஷாக்குக்கு வெளியே ஆயில் குப்பி: பட்டறையில் போட்டுக்கொள்ளலாமா?

மாரிட்ஸ்பர்க்_பக்கி

வணக்கம். இரண்டு வாரம் முன்பு குடும்பத்தோடு கலாகாடி வனவிலங்குப் பூங்காவுக்குப் போய் வந்தோம். அப்பிங்டனிலிருந்து பூங்கா வாசலான ட்வீ ரிவீரன் வரை தார் ரோடு, ஒரு குறையும் இல்லை. பூங்காவுக்குள் நொசொப் முகாம் வரை சுமார் 160 கிலோமீட்டர் மண் ரோடு. வழி முழுக்க வரிவரியாகச் சின்ன மேடுகள். பக்கியின் (பிக்கப் வண்டி) பின்னால் கேனோபி என்ற மூடிய கூண்டு, அதன் மேல் கூடாரம், உள்ளே 60 லிட்டர் தண்ணீர், ஃப்ரிட்ஜ். ஒரு மணி நேரம் ஓட்டியதும் பின்பக்கம் படகு மாதிரி ஆடத் தொடங்கியது. வளைவில் வால் வெளியே இழுத்துக்கொண்டு போனது. மனைவி பயந்துபோய் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் பின் ஷாக்கை (சக்கரத்தின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) தொட்டால் கை பொசுங்கியது. மறுநாள் காலையில் பார்த்தால் வண்டி பழையபடி ஒழுங்காக ஓடுகிறது. எங்கும் ஆயில் கசிவும் இல்லை.

இங்கே ஒரு பட்டறையில் கேட்டேன். இப்போது இருக்கும் ஷாக்கிலேயே துளை போட்டு, நிப்பிளை வெல்டிங் வைத்து, ஹோஸ் மூலம் வெளியே ஒரு ரிசர்வாயர் குப்பியை இணைத்துத் தருகிறோம் என்கிறார்கள். ஆயில் கூடினால் சூடு குறையுமாம். ஷாக் சாதாரண இரட்டைக் குழாய், கேஸ் அடைத்தது. செய்யலாமா? பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள் உட்காருகிறார்கள், அதனால்தான் கேட்கிறேன்.

உம்கோமாஸ்காரன்

ரிசர்வாயர் போடுங்கள் தம்பி. நான் பக்கியில் போட்டு இரண்டு வருடமாகிறது. சானி கணவாய் வழியாக லெசோத்தோவுக்கு எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்கிறேன்! ஒரு தடவைகூட ஷாக் தளர்ந்ததில்லை. ஷாக்கின் வேலையே ஆட்டத்தைச் சூடாக மாற்றுவதுதான். அந்தச் சூட்டைத் தாங்க ஆயில் வேண்டும், வெளியேற்ற உலோகப் பரப்பு வேண்டும். குப்பி இரண்டையும் தருகிறது. பாலைவனப் பந்தய வண்டி எதையாவது குனிந்து பாருங்கள், குப்பி இல்லாமல் இருக்காது.

பழைய பட்டறை (சாட்ஸ்வர்த்)

தம்பி, அந்த வெல்டிங்கை மட்டும் செய்ய விடாதீர்கள். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

இரட்டைக் குழாய் ஷாக்கில் உள்ளே ஒரு குழாய், அதில் பிஸ்டன். அதைச் சுற்றி இன்னொரு குழாய், அதில் மிச்ச ஆயிலும் மேலே கேஸும். அந்த வெளிக்குழாயே ஒரு ரிசர்வாயர்தான். அதன் பக்கத்தில் இன்னொரு குப்பியைத் தொங்கவிட்டால் கிடைப்பது இன்னும் கொஞ்சம் ஆயில், அவ்வளவுதான். உங்கள் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. கேஸுக்கும் ஆயிலுக்கும் நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. வரிமேட்டில் மணிக்கணக்காக ஆடும்போது இரண்டும் கலந்து, கடைந்த மோர் மாதிரி நுரைத்துவிடும். வால்வு வழியாக ஆயிலுக்குப் பதில் நுரை போகிறது, பிஸ்டனுக்குப் பிடிப்பு இல்லை. ஆயிலும் சூட்டில் நீர்த்துப்போகிறது. இரவில் ஆறி நுரை அடங்கியதும் காலையில் எல்லாம் சரியாகிவிடும். நீங்கள் சொன்ன அடையாளம் அப்படியே பொருந்துகிறது. குப்பிக்குள் கேஸையும் ஆயிலையும் பிரிக்கும் தடுப்புப் பிஸ்டன் இருந்தாலும் ஷாக்குக்குள் இருக்கும் கேஸ் அங்கேயேதான் இருக்கும். நுரையும் நிற்காது.

வெல்டிங்கின் ஆபத்து தனி. தகடு மெல்லியது. சூட்டில் கோணினால் உள்ளே எதுவும் நேராக உட்காராது. அதைவிட மோசம், மூடிய பாத்திரத்துக்குள் ஆயில் ஆவியும் மிச்ச கேஸும் இருக்கும்போது நெருப்பு வைப்பது. என் இளவயதில் பக்கத்துப் பட்டறையில் ஒருவர் பழைய ஷாக்கில் டார்ச் வைத்தார். மூடி பறந்து கூரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு போனது. அவர் இரண்டு அடி தள்ளி நின்றிருந்ததால் உயிர் பிழைத்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

உம்கோமாஸ்காரன்

பட்டறை அண்ணா, இரட்டைக் குழாயில் வெல்டிங் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் அவசரத்தில் அதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். என்னுடையது ஒற்றைக் குழாய் (பிஸ்டன் ஓடும் குழாயே வெளிச்சுவர்), கழற்றி மாட்டக்கூடியது. அடிமூடி மரை போட்டது. அதை எடுத்துவிட்டு, துளையும் மரையும் கடைந்த வேறு மூடி வைத்தேன். நெருப்பே கிடையாது. ஹைட்ராலிக் கடையில் எஃகுப் பின்னல் ஹோஸை முனை அழுத்தி வாங்கினேன், 200 பார் அழுத்தம் தாங்கும். தடுப்புப் பிஸ்டன் குப்பிக்குள் இருக்கிறது, அதற்குப் பின்னால் 14 பார் நைட்ரஜன். காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் ஆயில் நிரப்பத்தான் ஒரு மாலை முழுக்கப் போனது. முறையாகச் செய்தால் குப்பி சூட்டைக் குறைக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கணக்கு_டீச்சர் (டோங்காட்)

உம்கோமாஸ் அண்ணா, உங்கள் ராடின் (பிஸ்டனைத் தாங்கும் தண்டு) விட்டம் என்ன? ஹோஸின் உள்விட்டமும் நீளமும் சொல்ல முடியுமா?

உம்கோமாஸ்காரன்

ராடு 22 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (ராடு உள்ளே போய் வரும் முழுத் தூரம்) 20 சென்டிமீட்டர். ஹோஸ் உள்ளே 10 மில்லிமீட்டர், நீளம் 60 சென்டிமீட்டர்.

கணக்கு_டீச்சர் (டோங்காட்)

நன்றி. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பட்டறை அண்ணாவும்தான்.

பிஸ்டன் ஷாக்குக்குள் மேலும் கீழும் போகும்போது, ஆயில் அதன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விடுகிறது. குப்பிக்குத் தள்ளப்படுவது, உள்ளே நுழையும் ராடு அடைக்கும் இடத்துக்குச் சமமான ஆயில் மட்டும். 22 மி.மீ. ராடின் குறுக்குப் பரப்பு 3.8 சதுர செ.மீ. முழு 20 செ.மீ. அழுந்தினாலும் வெளியேறுவது 76 மில்லி. ஹோஸுக்குள்ளேயே 47 மில்லி ஆயில் நிற்கிறது. ஆக, மிகப் பெரிய குழியில் விழுந்தால்தான் 29 மில்லி குப்பியை எட்டும்.

வரிமேட்டில் ஷாக் அவ்வளவு அழுந்தாது. 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்போது வெளியேறுவது 19 மில்லி. அது ஹோஸில் 24 செ.மீ. தூரம் போய், அதே வழியில் திரும்பி வந்துவிடும். சூடான ஆயில் குப்பியைத் தொடுவதே இல்லை. ஆறு ஓடுவது மாதிரி இங்கே ஆயில் சுற்றி வருவதில்லை. முகத்துவாரத்தில் கடல் ஏறி இறங்குகிற மாதிரி, அதே தண்ணீர் போய் வருகிறது. கொஞ்சம் கலக்கும், கொஞ்சம் சூடு கடத்தப்படும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குப்பியை ரேடியேட்டர் என்று நினைத்துப் பணம் கொடுக்காதீர்கள்.

உம்கோமாஸ்காரன்

இன்று காலை தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் மண் ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டுக் கையை வைத்துப் பார்த்தேன். டீச்சர் சொன்னது சரி. ஷாக்கின் உடம்பைத் தொட முடியவில்லை, குப்பி வெதுவெதுப்புதான்.

ஆனால் அதே காரணத்தால்தான் குப்பி வேண்டும் என்கிறேன். நைட்ரஜன் குப்பியில் இருக்கிறது, குப்பி சூடாகவில்லை. கேஸ் 27 டிகிரியிலிருந்து 127 டிகிரிக்குப் போனால் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடும், 14 பார் 18-ஐத் தாண்டும். ஷாக்குக்குள்ளேயே கேஸ் இருந்தால் அதுதான் நடக்கும். எனக்கு நடப்பதில்லை. காலையில் எப்படியோ மாலையிலும் அப்படியே.

பழைய பட்டறை (சாட்ஸ்வர்த்)

சரியான பேச்சு, ஏற்கிறேன். இன்னொன்றும் உங்கள் பக்கத்துக்கு நானே சேர்க்கிறேன். தடுப்புப் பிஸ்டனும் கேஸும் ஷாக்குக்குள் இருந்தால் சுமார் 10 செ.மீ. நீளத்தை அவை சாப்பிட்டுவிடும். வெளியே எடுத்தால் அந்த இடம் ஸ்ட்ரோக்குக்குக் கிடைக்கும். குப்பியின் உண்மையான பலன் அதுதான். சானியில் உங்களுக்கு உதவுவதும் அதுதான். அந்த ஏற்றத்தில் வண்டி ஊர்ந்துதான் போகிறது, அங்கே ஷாக் எங்கே சூடாகப் போகிறது? சக்கரம் கீழே இறங்கித் தரையைப் பிடிக்க நீளம் வேண்டும்.

ஆனால் இந்தத் தம்பி கேட்பது கலாகாடிக்கு. மேட்டுக்கு மேடு 70 செ.மீ. என்றால், பூங்காவின் 50 கி.மீ. வேக வரம்பில் ஓட்டினாலும் நொடிக்கு 20 தடவை அடி விழுகிறது. இங்கே வேண்டியது தடித்த ஒற்றைக் குழாய். அதில் வேலை செய்யும் ஆயில் நேராக வெளிச்சுவரைத் தொடுகிறது, சூடு காற்றுக்குப் போய்விடும். கேஸைத் தனியே அடைத்து வைப்பதால் நுரைக்காது. 1950-களிலிருந்தே பில்ஸ்டைன் கம்பெனி செய்துவரும் முறை. உள்விட்டம் 46 மி.மீ.க்குப் பதில் 60 மி.மீ. எடுத்தால், ஒரே நீளத்தில் ஆயில் 1.7 மடங்கு. ஹோஸ் இல்லை, இணைப்பு இல்லை, கல்லடி பட்டு அறுந்துபோக எதுவும் இல்லை. நொசொப் பக்கம் ஹோஸ் பிடுங்கிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

வடக்குக்_கேப்

டயரை யாரும் சொல்லவில்லையே? நாங்கள் மண் ரோட்டில் இறங்குவதற்கு முன் 1.6 பாருக்கு இறக்கிவிடுவோம். அடியில் ஒரு பங்கை டயரே வாங்கிக்கொள்கிறது. திரும்பத் தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றடிக்க மறக்காதீர்கள்.

மாரிட்ஸ்பர்க்_பக்கி

டயரில் நான் காற்றை இறக்கவே இல்லை. 2.6 பாரில் அப்படியே ஓட்டியிருக்கிறேன்.

அந்தப் பட்டறைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பின்னால் இரண்டுக்கும் தடித்த ஒற்றைக் குழாய், குப்பி இல்லாமல். தண்ணீரையும் ஃப்ரிட்ஜையும் அச்சுக்கு முன்னால் தள்ளி வைக்கப் போகிறேன். அடுத்த முறை போகும்போது சூடு பார்க்கும் கருவி ஒன்றும் எடுத்துப்போய், நொசொப்பில் இறங்கியதும் ஷாக்கின் சூட்டை அளந்து இங்கே எழுதுகிறேன்.

உம்கோமாஸ்காரன்

கேஸ் ஷாக்குக்குள் இருப்பதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. இருந்தாலும் பிள்ளைகளோடு போகிறவருக்கு வெல்டிங்கைவிட அது எவ்வளவோ மேல்.

பின்னாளில் குப்பி வைத்ததை வாங்கினால் ஒன்று செய்யுங்கள். ஜாக்கி வைத்து, சக்கரம் முழுக்கத் தொங்கும் வரை சேஸியைத் தூக்குங்கள். ஹோஸ் இழுபடுகிறதா பாருங்கள். அப்புறம் அச்சை மேலே அழுத்தி, ஹோஸ் பிரேக் குழாயிலோ சைலன்சரிலோ உரசுகிறதா பாருங்கள். முன்பக்கம் என்றால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். குப்பியைப் பிடிக்கும் கிளாம்புக்கு உள்ளே ரப்பர் வையுங்கள். என் முதல் கிளாம்பில் ரப்பர் வைக்கவில்லை. அந்த அதிர்விலேயே குப்பியின் சுவர் பாதி தேய்ந்து போயிருந்தது.