இலையே இல்லாமல் வந்த ஆர்க்கிட்

குழு: விளை வீட்டுக் குடும்பம்

சனிக்கிழமை மாலை

பிரின்சி: (படம்) எல்லாரும் இதைப் பாருங்க. நர்சரியில் சொல்லியிருந்த சின்ன ஆர்க்கிட் இன்று பார்சலில் வந்தது. பெயர் கைலோஸ்கிஸ்டா பாரிஷி. உள்ளங்கை அகலத்துக்கு வேர் மட்டும்தான் இருக்கிறது, ஒரு இலைகூட இல்லை. எஸ்தர் சித்தி, இதற்கு உயிர் இருக்கிறதா?

லதா அத்தை: இலையெல்லாம் உதிர்ந்த பிறகு அனுப்பியிருக்கிறார்கள் மக்களே. பணத்தைத் திருப்பிக் கேள்.

எஸ்தர் சித்தி: ஐயோ, தூக்கிப் போட்டுவிடாதே! இந்த இனமே அப்படித்தான். எப்போதாவது ஒன்றிரண்டு குட்டி இலை வரும், அதுவும் உதிர்ந்துவிடும். ஒரு காரியம் செய். வேரின் மேல் கொஞ்சம் மழைத்தண்ணீர் தெளித்து, ஒரு நிமிஷம் கழித்து இன்னொரு படம் போடு.

பிரின்சி: (படம்) சித்தி!! சாம்பல் நிறமாக இருந்த வேர் பச்சையாகிவிட்டது!

எஸ்தர் சித்தி: நல்ல உயிரோடு இருக்கிறது. வேருக்கு மேலே வெலாமன் என்று ஒரு தோல் உண்டு. அது செத்துப்போன வெற்று செல்களால் ஆனது. காய்ந்திருக்கும்போது உள்ளே காற்று நிறைந்து வெள்ளி மாதிரி தெரியும். நனைந்தால் கண்ணாடிபோல ஆகி, அடியில் இருக்கும் பச்சையம் வெளியே தெரியும். மற்ற செடிகளில் இலை செய்கிற வேலையை இதில் வேரே செய்கிறது. அதனால் வேரை மண்ணுக்குள்ளோ பாசிக்குள்ளோ மூடவே கூடாது. மூடினால் வெளிச்சம் கிடைக்காமல் பட்டினி கிடக்கும்.

அஜின்: மரத்தில் ஒட்டி வளருமே சித்தி, மரத்தின் சத்தை உறிஞ்சுமா?

எஸ்தர் சித்தி: ஒரு சொட்டுகூட எடுக்காது. மரம் அதற்கு உட்கார இடம், அவ்வளவுதான். மழையில் கரைந்து வருகிற சத்து, காற்றில் வருகிற தூசி, இதை வைத்தே வாழும்.

லதா அத்தை: அப்படியென்றால் சட்டியில் கரியும் கதம்பையும் (தேங்காய் மட்டை) போட்டு வைக்கலாமே. என் வீட்டு டென்ட்ரோபியம் ஆர்க்கிட் அதில்தானே கொத்துக் கொத்தாகப் பூக்கிறது.

எஸ்தர் சித்தி: டென்ட்ரோபியத்துக்கு அது அருமையாகப் பொருந்தும் மைனி. அதற்குத் தண்டு இருக்கிறது, தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இதற்குக் கதம்பை நாள் முழுக்க ஈரம் பிடித்துக்கொண்டே இருக்கும், வேர் அழுகிவிடும். பட்டையோடு ஒரு காய்ந்த மாங்கிளைத் துண்டு போதும். கொய்யாவும் நல்லது. ஒரு சாண் நீளம் இருந்தால் வேர் பரவ இடம் கிடைக்கும்.

அஜின்: எங்கள் எஸ்டேட்டில் ரப்பர் கம்பு நிறையக் கிடக்கிறதே, கொண்டு வரட்டுமா?

எஸ்தர் சித்தி: ரப்பர் வேண்டாம் மக்களே. சீக்கிரம் பூச்சி அரித்து உளுத்துப்போகும். வேர் ஒட்டின பிறகு கம்பு உளுத்தால், பிய்த்து வேறொன்றில் கட்ட வேண்டிவரும். பிய்த்தால் வேர் கிழியும். இந்தச் செடிக்கு வேர் கிழிவது என்றால் இலையும் தண்டும் சேர்ந்து போவதுதான்.

பிரின்சி: எதைக் கொண்டு கட்டுவது சித்தி? வீட்டில் செம்புக் கம்பி இருக்கிறது.

எஸ்தர் சித்தி: செம்பு ஆகவே ஆகாது, ஆர்க்கிட் வேருக்கு விஷம். மெல்லிய தங்கூசிதான் (மீன்பிடிக்கிற நைலான் நரம்பு) நல்லது. நடுப்பகுதியில் இரண்டு சுற்று, வேர் நசுங்காமல். புது வேர் கம்பைப் பிடித்ததும் வெட்டி எடுத்துவிடலாம்.

ஜெபராஜ் மாமா: தங்கூசி என் பொறுப்பு. குளச்சலில் அதற்கா பஞ்சம்!

பிரின்சி: சரி மாமா 🙏 சித்தி, எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட வேண்டும்? நீங்கள் உங்கள் வீட்டில் செய்கிறபடியே சொல்லுங்க, நானும் அப்படியே செய்கிறேன்.

எஸ்தர் சித்தி: அதைத்தான் செய்யக் கூடாது. என் வீடு குலசேகரத்தில், உன் வீடு ஆரல்வாய்மொழியில். இங்கே ரப்பர் தோட்டத்து ஈரமும் பேச்சிப்பாறைப் பக்கத்து மழையும் சேர்ந்து, காலையில் நனைத்தது சாயங்காலம் வரை காயாமல் நிற்கும் நாள் உண்டு. உன் ஊரில் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். ஆனி, ஆடியில் அங்கே அரை மணி நேரத்தில் வேர் காய்ந்துவிடும். ஒரே மாவட்டம்தான், ஆனாலும் என் கணக்கை நீ எடுத்தால் உன் செடி வாடும், உன் கணக்கை நான் எடுத்தால் என் செடி அழுகும்.

எஸ்தர் சித்தி: நாளை எண்ண வேண்டாம், நிறத்தைப் பார். வேர் பச்சையாக இருந்தால் தொடாதே. முழுக்க வெள்ளியாக மாறினால் நனை. காற்று அடிக்கிற மாதங்களில் காலையில் ஒருமுறை, பதினொரு மணிபோல இன்னொருமுறை தேவைப்படலாம். எதுவானாலும் ராத்திரிக்குள் வேர் காய்ந்திருக்க வேண்டும். இந்த இனத்து வேர்கள் ராத்திரியில்தான் கரியமில வாயுவை உள்ளே இழுத்து வைக்கும், பகல் வெளிச்சத்தில் அதை உணவாக்கும். ராத்திரியில் ஈரம் ஊறிக் கிடந்தால் காற்றுப் போக்கும் குறையும், பூஞ்சையும் பிடிக்கும்.

பிரின்சி: எங்கள் போர் தண்ணீர் உப்பாக இருக்குமே.

எஸ்தர் சித்தி: அது வேண்டாம். உப்பு வேர் நுனியில் படிந்து கருக்கிவிடும். கூரை ஓட்டிலிருந்து வடிகிற மழைத்தண்ணீரைப் பிடித்து வை, முதல் மழையை விட்டுவிட்டு. பாத்திரத்தைத் துணியால் இறுக்கிக் கட்டு, இல்லாவிட்டால் டெங்குக் கொசு முட்டை வைத்துவிடும். மழைத்தண்ணீர் தீர்ந்தால் ஆர்ஓ தண்ணீர் தெளிக்கலாம்.

லதா அத்தை: கொஞ்சம் சாணித் தண்ணீர் விட்டால் நன்றாகக் கிளம்பும்.

எஸ்தர் சித்தி: மண்ணில் நிற்கிற செடிக்கு அது சரி மைனி. இங்கே வேரின் மேலே பசைபோல படிந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். உரக்கடையில் கிடைக்கிற 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக இருப்பது), ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துவிட்டு அப்புறம் தெளிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை

அஜின்: பிரின்சி அக்கா, நான் ஒன்று யோசித்தேன். கோதையாறு பக்கம் போகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். காட்டில் இப்படிக் குட்டி ஆர்க்கிட் மரம் மரமாக இருக்குமாம். ஒரு பை நிறையக் கொண்டுவரச் சொல்லவா?

எஸ்தர் சித்தி: வேண்டாம் அஜின், அந்த எண்ணமே வேண்டாம். அது கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அங்கிருந்து செடியைப் பிய்த்து எடுப்பது குற்றம். உலக அளவிலும் ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் (காட்டுயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்துகிற) ஒப்பந்தத்துக்குள் வருகிறது. நாட்டை விட்டு நாடு கொண்டுபோக அனுமதி வேண்டும்.

எஸ்தர் சித்தி: சட்டத்தை விடு. ஒரு ஆர்க்கிட் காயில் ஆயிரக்கணக்கில் விதை இருக்கும், ஆனால் எல்லாம் தூசி அளவு. உள்ளே முளைக்கத் தேவையான சேமிப்பு இல்லை. காட்டில் அதற்கு ஏற்ற பூஞ்சை கிடைக்கிற இடத்தில் விழுந்தால்தான் முளைக்கும். அப்படி முளைத்த ஒன்று பூக்க வருஷக் கணக்கில் ஆகும். பையில் அள்ளி வந்தால் வேர் எல்லாம் கிழிந்து வரும், பெரும்பாலும் சாகும். மரத்தில் ஒன்றும் இல்லாமல் போகும், நம் கையிலும் ஒன்றும் நிற்காது. எனக்கு அது மனசு ஆறாத விஷயம்.

அஜின்: சரி சித்தி, சொல்ல மாட்டேன். அப்போ அக்கா வாங்கினது?

எஸ்தர் சித்தி: நல்ல கேள்வி. 1922-ல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பூஞ்சையே இல்லாமல் சர்க்கரை கலந்த ஊடகத்தில் ஆர்க்கிட் விதையை முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். அதன் பிறகுதான் ஆய்வகக் குடுவையில் ஆயிரக்கணக்கில் கன்று வளர்க்க வழி பிறந்தது. அப்படி வளர்ந்த செடிகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், வேர் நுனி முழுதாக இருக்கும். காட்டிலிருந்து பிய்த்ததில் வேர் அறுந்திருக்கும், பழைய மரப்பட்டையும் பாசியும் ஒட்டியிருக்கும். பிரின்சியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நுனி எல்லாம் இளம்பச்சையாக முழுசாக இருக்கிறது. குடுவைக் கன்று மாதிரிதான் தெரிகிறது. அடுத்த முறை வாங்கும்போது விற்பவரிடம் கேட்டுவிட்டே வாங்கு மக்களே.

தங்கராஜ் பெரியப்பா: நம் பழைய வீட்டு மாமரத்தில் ஒரு வாண்டா ஆர்க்கிட் இருந்ததே. பழுப்பும் மஞ்சளுமாகப் பூக்கும். மரத்துக்குக் கெடுதல் என்று சொல்லி மரம் வெட்ட வந்தவன் சுரண்டப் பார்த்தான், உங்கள் பாட்டி விடவில்லை.

எஸ்தர் சித்தி: பாட்டி செய்தது ரொம்பச் சரி அத்தான். அது இன்னும் இருந்தால், கிளை வெட்டும்போது அந்தக் கிளையை மட்டும் விடச் சொல்லுங்கள்.

தங்கராஜ் பெரியப்பா: இருக்கிறது. சொல்லி வைக்கிறேன்.

பிரின்சி: சித்தி, ஐப்பசி வரப்போகிறது. மழை தொடங்கினால் மொட்டை மாடியிலேயே தொங்கவிடலாமா? இயற்கையாக நனையட்டுமே.

எஸ்தர் சித்தி: இதை நான் சொல்ல நினைத்துக்கொண்டே இருந்தேன். இந்தச் செடியின் சொந்த ஊர் மியான்மர், தாய்லாந்து பக்கம். அங்கே வைகாசியில் பிடிக்கிற மழை ஐப்பசியில் ஓய்ந்துவிடும். அப்புறம் மாதக் கணக்கில் வறட்சி, விடியற்காலைப் பனி மட்டும். நமக்கோ ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழை கொட்டும். அது ஓய்வெடுக்கிற காலமும் நம் அடைமழையும் ஒன்றாக வந்து விழுகிறது. அதனால் இனி தை வரைக்கும் கூரைக்கு அடியில் வை. கிழக்கு வெயில் படுகிற வராந்தா இருந்தால் நல்லது. காலையில் லேசாகத் தெளிப்பு, உரம் வேண்டாம். மழை பிடித்த நாளில் காற்றே ஈரமாக இருக்கும், அன்று தெளிக்காதே.

பிரின்சி: பூ எப்போது வரும்?

எஸ்தர் சித்தி: பெரும்பாலும் மாசிக்குப் பிறகு, கோடையில். வேரின் நடுவிலிருந்து மெல்லிய காம்பு தொங்கும். அதில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மஞ்சள் பூ, பழுப்புப் புள்ளியோடு. இந்த வருஷமே வரும் என்று எதிர்பார்க்காதே. கம்பைப் பிடித்து வேர் நீண்டால் அதுவே பெரிய விஷயம். அப்புறம் வெயில் ஏறும்போது ஐம்பது சதவீத நிழல்வலைக்கு அடியில் மாற்று.

லதா அத்தை: நத்தை? எங்கள் பக்கம் ஆப்பிரிக்க நத்தை ஒன்றையும் விட்டு வைப்பதில்லை.

எஸ்தர் சித்தி: நல்லவேளை ஞாபகப்படுத்தினீர்கள் மைனி. நத்தைக்கு வேர் நுனி என்றால் உயிர். ஒரு ராத்திரி போதும். சுவரில் சாய்க்காமல், கம்பியில் தனியாகத் தொங்கவிட வேண்டும் பிரின்சி. எறும்பு ஏறுகிறதா என்றும் பார். எறும்பு வந்தால் பின்னாலேயே மாவுப்பூச்சி வரும். வந்துவிட்டால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும், மருந்து அடிக்க வேண்டாம்.

பிரின்சி: எல்லாம் குறித்துக்கொண்டேன் சித்தி. மாங்கிளை எதிர்வீட்டு அக்கா தருகிறேன் என்றார்கள். கட்டிவிட்டுப் படம் போடுகிறேன்.

ஜெபராஜ் மாமா: நாளைக் காலை நாகர்கோவில் வருகிறேன் மக்களே. அண்ணா பஸ் ஸ்டாண்டில் பத்து மணிக்கு நின்றால் தங்கூசியைக் கையில் தந்துவிடுவேன்.

பிரின்சி: வந்துவிடுகிறேன் மாமா.

எஸ்தர் சித்தி: மெல்லியதாகப் பார்த்துக் கொடுங்கள் அண்ணா, சூரை மீன் பிடிக்கிற தங்கூசி வேண்டாம். அதுவரை செடியைப் பார்சல் பெட்டியில் வைக்காதே பிரின்சி, ஒரு கூடையில் போட்டு வராந்தாவில் காற்றுப் படும்படி வை.