செஸ் ஆட்டம் முடிஞ்சு பலகையைச் சுத்தி உக்காந்தப்போ நடந்தது: உங்க அனுபவம் சொல்லுங்க

பவானிக்கரை:

ஈரோட்டுல எங்க கிளப் ஆட்டம், போன மாசம். ஆரம்பத்தையெல்லாம் விட்டுடறேன். கடைசியில வெள்ளைக்காரன் எனக்கு ஒரு மந்திரி (பிஷப்), எச்5 கட்டத்துல ஒரு சிப்பாய். அவருக்கு ராஜா மட்டும். என்ற ராஜா எஃப்6, மந்திரி டி3, அவர் ராஜா ஜி8. மூவ் அவரோடது. கொஞ்ச நேரம் பார்த்துட்டு கடிகாரத்தை நிறுத்தி கை நீட்டிட்டார். ரிசைன், தோல்வியை ஒத்துக்கிட்டார்.

அவர் மஞ்சள் மண்டியில கணக்கு எழுதறவர். ஞாயித்துக்கிழமையானா மகனையும் கூட்டிட்டு வந்துடுவார், நாலாவது படிக்கிறான். ஆட்டம் முடிஞ்சு வராண்டாவுல பலகையைப் போட்டு எல்லாரும் சுத்தி உக்காந்தோம். நான்தான் முதல்ல இருந்து காட்டிக்கிட்டு வந்தேன். கடைசி நிலை வந்ததும் "இங்க விட்டுட்டாருங்க"ன்னு காயைக் கலைக்கக் கை வெச்சேன். அந்தப் பையன் சொன்னான்: "மூலைக்குப் போயிருக்கலாமுல்லீங்ப்பா?"

யாரும் பேசலை. சிப்பாய் ராணியாகற எச்8 கறுப்புக் கட்டம். என்ற மந்திரி ஓடறது வெள்ளைக் கட்டம். அந்த மூலையை அது ஜென்மத்துக்கும் தொடாது. நான் ராஜாவை எஃப்7க்குக் கொண்டு போனா ஸ்டேல்மேட், அவருக்கு நகர்த்த மூவே இல்லாம டிரா. சிப்பாயை எச்6க்குத் தள்ளினாலும் அவர் மூலையிலயே குந்திக்குவார், அதுவும் டிராதான். இந்தப் பாடம் செஸ் ஆடற எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பலகையில எதுக்க இருந்தப்போ எனக்கும் தோணலை, அவருக்கும் தோணலை. மூவ் எழுதற ஸ்கோர்ஷீட்டுல 1-0, வெள்ளை ஜெயிச்சதுன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு.

அவர் கறுப்பு ராஜாவோட தலையை ரெண்டு விரல்ல பிடிச்சவர் சித்த நேரம் விடவே இல்லை. அந்த விரல்தான் இன்னும் கண்ணுல நிக்குது. ஜெயிச்சவன் நான், ஆனா அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கலை.

பனியன் நகரம்:

ரிசைன் பண்ணின நிமிஷமே ஆட்டம் முடிஞ்சது, விதி அதுதான். நீங்க சங்கடப்பட என்னங்க இருக்கு? அந்த நிலையில ராஜா எந்தப் பக்கம் போனாலும் டிராதான்.

எனக்கு நடந்தது வேற. ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு தூங்காம கிளப்புக்குப் போய் தோத்துட்டேன். ஜெயிச்சவர் நல்ல மனுஷன், "இந்தக் குதிரையை ஏனுங்க பின்னால எடுத்தீங்க?"ன்னு கேட்டார். எனக்கு ஒரு காரணம் இருந்துச்சு. வாயைத் திறக்கறதுக்குள்ள பக்கத்துல நின்னவர் போன்ல ஸ்டாக்ஃபிஷ்ங்கற செஸ் இன்ஜினைப் போட்டு "மைனஸ் மூணு"ன்னுட்டார், மூணு சிப்பாய் அளவுக்கு நான் பின்னாடின்னு அர்த்தம். அதோட பேச்சே நின்னுபோச்சு. என் காரணம் இன்னும் எனக்குள்ளயே இருக்கு.

அதனால சொல்றேன், முதல் அரை மணி நேரம் போனைத் தொடாதீங்க. ஒவ்வொரு மூவையும் ஏன் ஆடினோம்னு ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லணும். ஸ்கோர்ஷீட்டுல ஓரத்துல மீதி நேரத்தையும் குறிச்சு வைங்க, எங்க தடுமாறினோம்னு அது காட்டிக்கொடுக்கும். தோத்தவர் முதல்ல பேசட்டும். வீட்டுக்குப் போய் நோட்டுல சொந்தமா எழுதிப் பாருங்க, அப்புறம் இன்ஜின். முன்னாள் உலக சாம்பியன் போட்வின்னிக் தன் ஆட்டங்களைத் தானே அலசி அச்சுல போடணும்னு சொன்னவர், அடுத்தவங்க குறை கண்டுபிடிச்சாத்தான் நம்ம தப்பு நமக்குத் தெரியும்னு. ஓப்பனிங்கைப் பத்தி மணிக்கணக்கா பேசறதை விடுங்க, கிளப் ஆட்டத்துல நிறைய தடவை காய் குறைஞ்ச கடைசிக் கட்டத்துல, அந்த எண்ட்கேமுலதான் கோட்டை விடறோம். யானை எண்ட்கேமை மட்டும் ஒரு வருஷம் படிச்சாப் போதும்.

பொள்ளாச்சிக் காத்து:

இங்க அறிவுரை யாரும் கேக்கலைங்களே. தோத்தவர் முதல்ல பேசணும்னு சொல்றது எழுதறதுக்கு நல்லாயிருக்கு. பேச விடுவாங்களா?

தோத்தவ நான். ஜெயிச்சவர் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டு, சுத்தி நின்னவங்களைப் பார்த்து "இவங்க இங்கதான் தப்புப் பண்ணிட்டாங்க"ன்னு விளக்கினார். நான் எதுக்கவே உக்காந்திருக்கேன். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை. அந்த இடத்துல எட்டு பேர், நான் மட்டும்தான் பொம்பளை.

23ஆவது மூவ் வந்தப்போ அவர் ராஜா ஜி8ல, முன்னாடி மூணு சிப்பாயும் ஒண்ணுகூட நகரலை. பின்வரிசையைக் காக்க ஆளில்லை. ஆட்டத்துல நான் அதைப் பார்க்காம விட்டேன், ஒத்துக்கறேன். அவர் பேசிக்கிட்டே இருந்தப்போ என்ற யானையைத் தூக்கி டி8ல வெச்சேன். மேட். சொல்லலை, வெச்சேன், அவ்வளவுதான். அவர் கை அந்த யானையை எடுக்க வந்து பாதியில நின்னுது.

"அதை நீங்க ஆடலையே"ன்னார். ஆடலைதான். ஆனா அவரும் பார்க்கலை. அது தெரியறதுக்குத்தானே பலகையைப் போட்டு உக்காந்திருக்கோம்?

கோபி வயல்:

பவானிக்கரை, நீங்க தனியாள் இல்லைங்க. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியோட 14ஆவது ஆட்டம். டிரா ஆக வேண்டிய நிலையில அப்போ சாம்பியனா இருந்த டிங் லிரன் 55ஆவது மூவுல யானையை எஃப்2ல வெச்சார். யானை மாறுச்சு, மந்திரியும் மாறுச்சு, மிச்சம் சிப்பாய் ஆட்டம். குகேஷ் 18 வயசுல உலக சாம்பியன். மறுநாள் எங்க கிளப்புல அதே நிலையைப் போட்டு, யானையை வேற எங்க வெச்சிருக்கணும்னு பார்த்தோம். டீ ஆறிப்போற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திரிக்கலை. டிங் கையில தலையைத் தாங்கின மாதிரியே எங்க பெரியவர் ஒருத்தரும் உக்காந்திருந்தார்.

பனியன் நகரம், உங்க பதிவுல ஒரு தப்பு இருக்கு. எந்தப் பக்கம் போனாலும் டிரா இல்லைங்க. ராஜா எஃப்8க்குப் போனா வெள்ளை மந்திரி சி4க்கு வரும், ஜி8 அடைபட்டுப் போகும். ராஜா இ8க்குத்தான் போக முடியும். அப்புறம் சிப்பாய் எச்6, எச்7, எச்8ல ராணி. மூலை ஒண்ணுதான் வழி. பலகையில ஏழு காய் வரைக்கும் இருக்கற எல்லா நிலைக்கும் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு வெச்சிருக்காங்க, அதுல போட்டுப் பாருங்க.

பனியன் நகரம்:

போட்டுப் பார்த்தேன். நீங்க சொன்னது சரிங்க.

பவானிக்கரை:

முதல் பதிவுல ஒண்ணு எழுதாம விட்டுட்டேன். பையன் சொன்னதும் அவர் ராஜாவை முதல்ல எஃப்8லதான் வெச்சார். "அங்க இல்லீங்ப்பா"ன்னு பையன் அவர் விரலோட சேர்த்துப் பிடிச்சு எச்8க்கு நகர்த்தினான்.