புதுப்பிப்பு: காலி டிரெய்லரோடு கோக்கிஹல்லா இறக்கம்

கனடாவின் கோக்கிஹல்லா மலைச்சாலையில் காலி டிரெய்லர் லாரியோடு ஹோப் ஊர்ப் பக்கம் இறங்கும்போது, பனிக்கட்டியில் எஞ்சின் பிரேக் (எஞ்சினை வைத்தே வேகத்தைக் குறைக்கும் கருவி) போடலாமா என்று கேட்டிருந்தேன். இறங்கியாச்சு. போடவில்லை.

எஞ்சின் பிரேக், டிரெய்லரை இழுக்கும் முன்வண்டியில் எஞ்சின் சுழற்றும் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். மேலே பாரம் இல்லாததால் அவை சட்டென்று வழுக்கும். பின்னால் டிரெய்லர் தள்ள, வண்டி இணைப்பில் கத்தி மாதிரி மடங்கிவிடும். 1,244 மீட்டர் உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, கீழ் கியரில், கால் பிரேக்கை லேசாகத் தொட்டபடியே வந்தேன்.

டிரெய்லர் சக்கரத்துக்கும் பனியில் வழுக்காமல் இருக்க செயின் கட்டச் சொன்ன அண்ணாவுக்கு நன்றி. கட்டி முடிப்பதற்குள் விரல் விறைத்துப்போனது, ஆனால் வளைவுகளில் பின்பகுதி விலகவே இல்லை. பக்கக் காற்றுதான் படுத்திவிட்டது. காலிப் பெட்டி பாய்மரம் மாதிரி!

"காலியாத்தானே கொண்டுபோறீங்க, செயின் எதுக்கு?" என்றவர்களுக்கு: அங்கே கனரக வண்டிகள் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை செயின் வைத்திருக்கணும், சட்டம்.